மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு நாள்: இருபது நிமிடத்தில் தவறிய பயணமும் அதைத் திருத்திய விதமும்

பெரியப்பாவுக்கு வயது 72. ஒன்பது வயதில், 1962-இல், அவர் தன் அப்பாவோடு, அதாவது என் தாத்தாவோடு, தனுஷ்கோடி போயிருக்கிறார். கொழும்பு போவதற்காகக் கப்பல் ஏறிய சின்னத் தாத்தாவை வழியனுப்பப் போன பயணம் அது. மதுரையிலிருந்து மானாமதுரை, அங்கே கப்பல் பயணிகளுக்கான போட் மெயில் ரயில், அப்புறம் பாம்பன் வழியாக நேரே தனுஷ்கோடி. அப்போது பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். ஒன்று ராமேசுவரத்துக்கும் இன்னொன்று தனுஷ்கோடிக்கும் போகும். அதனால் ராமேசுவரம் கோயிலைப் பார்க்காமலேயே இறங்குதுறை வரை போய்த் திரும்பிவிட்டார்கள். கப்பலின் பெயர் இர்வினா, இல்லை கோஷனா என்பது இன்றும் அவருக்கு ஒரு சந்தேகம். இலங்கைக் கரையில் உள்ள தலைமன்னாருக்குப் போன இரண்டு கப்பல்களுக்கும் அந்தப் பெயர்கள்தான்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. பெரியப்பா அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போனதில்லை. "ஸ்டேஷன் இருந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துரணும்டா" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2025 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பன்னிரண்டு பேர், ஒரு டெம்போ டிராவலர். அன்றைக்கு அவரால் தனுஷ்கோடியைப் பார்க்க முடியவில்லை. செப்டம்பர் கடைசியில் மறுபடி போனபோது பார்த்தார். வண்டி ஏற்பாடு முழுவதும் இரண்டு தடவையும் என் பொறுப்பு. முதல் தடவை எங்கே பிசகியது, இரண்டாவது தடவை எதை மாற்றினேன் என்று இங்கே எழுதுகிறேன். வயதானவர்களை அழைத்துக்கொண்டு அதே சாலையில் போகப்போகும் யாருக்காவது உதவும்.

முதல் ஏற்பாடு

மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலை வழியாக 170 கி.மீ.க்குச் சற்று மேல். ஊரிலிருந்து சாலை முடியும் அரிச்சல்முனை வரை இன்னும் 20 கி.மீ. இருக்கும். போக வர, உள்ளூர் அலைச்சல் எல்லாம் சேர்த்து 400 கி.மீ.க்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. எங்கள் பயணத்தில் ஓடியது 384 கி.மீ.

வாடகை விவரம் இது: கிலோமீட்டருக்கு 22 ரூபாய், ஓட்டுநர் பேட்டா 700, டோல், பார்க்கிங் தனி. எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தை ஒட்டி வந்தது, ஆளுக்கு எண்ணூற்றுச் சொச்சம். கிலோமீட்டரை நம் வீட்டு வாசலிலிருந்து எண்ணமாட்டார்கள், ஷெட்டிலிருந்து ஷெட்டுக்குத்தான் எண்ணுவார்கள். நாள் கணக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து மறுநாள் பன்னிரண்டு வரை. இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கூப்பிட்டால் கூடுதலாகக் கேட்பார்களோ என்று தயங்கி, ஐந்தரை மணிக்கு வரச் சொன்னேன். நான்கு மணிக்குக் கிளம்பியிருந்தாலும் அதே ஒரு நாள் வாடகைதான் ஆகியிருக்கும். இரவு பன்னிரண்டைத் தாண்டித் திரும்பினால்தான் இரண்டாம் நாள் கணக்கு தொடங்கும்.

நான் போட்ட நேரத் திட்டம்: ஆறு மணிக்கு விரகனூர் ரிங் ரோட்டைத் தாண்டிவிடுவோம். ஏழேகாலுக்குப் பரமக்குடியில் காலை டிபன், அரை மணி நேரம். ஒன்பதே முக்காலுக்கு ராமேசுவரம். பன்னிரண்டரைக்குள் தீர்த்தமாடி, சாமி பார்த்து, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் தனுஷ்கோடி சாலையில் இருப்போம். காகிதத்தில் இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று நடந்தது

வண்டி கே.புதூரில் எங்களை ஏற்றி, திருநகர் போய் அண்ணன் குடும்பத்தை ஏற்றி, வில்லாபுரம் போய்த் தங்கையை ஏற்றியது. ஊரின் வடக்கில் தொடங்கி, தென்மேற்கு மூலைக்குப் போய், மறுபடி கிழக்கே திரும்பி வரும் சுற்று. ஒவ்வொரு வாசலிலும் பத்து நிமிடம். விரகனூரைத் தாண்டும்போது மணி 7.05. பயணமே தொடங்காத நிலையில் 65 நிமிடம் போய்விட்டது.

பரமக்குடியில் பன்னிரண்டு பேருக்கும் இலை போட்டு, கேட்டது வந்து, கை கழுவி, அம்மாவும் பெரியம்மாவும் கழிப்பறை போய் வர ஐம்பது நிமிடம் ஆனது. இருபது நிமிடம் அங்கே கூடுதல். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை, அங்கிருந்து ராமநாதபுரம் வரை இரு வழிதான். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான். அந்த 46.7 கி.மீ.யை நான்கு வழியாக்க நாங்கள் போய் வந்த அடுத்த மாதம்தான் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை முடியும் வரை அந்தப் பகுதியில் வேகத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது.

அடுத்தது பாம்பன் சாலைப் பாலம். 1988-இல் திறந்த பாலம், 2.3 கி.மீ. நீளம். 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய ரயில் பாலம் திறந்ததிலிருந்து அதைப் பார்க்கவும் படமெடுக்கவும் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்துகிறவர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை வேறு. ஒரு வரிசை நின்றுவிட, இன்னொரு வரிசையில் இரண்டு திசை வண்டிகளும் மாறி மாறிப் போக வேண்டியிருந்தது. இருபத்தைந்து நிமிடம் ஊர்ந்தோம். நாங்கள் நிறுத்தவில்லை, ஆனால் நிறுத்தியவர்களின் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தோம்.

ஊருக்குள் நுழைந்தபோது 11.35. மொத்தத் தாமதம் 110 நிமிடம். வேன்களைக் கோயில் பக்கம் விடுவதில்லை. வண்டி நிறுத்தத்தில் இறங்கி, மூன்று ஆட்டோ பிடித்து அக்னி தீர்த்தம் போகும்போது 12.05. கடலில் முழுக்குப் போட்டுவிட்டு உள்ளே 22 தீர்த்தங்களுக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். பெரியப்பாவை நானும் மச்சானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம், அந்தக் கல்தரை முழுக்க ஈரம். 12.50-க்கு முடித்தோம். ஈரத் துணியோடு சன்னதிக்குள் போக முடியாது. உடை மாற்றி வருவதற்குள் மணி ஒன்று. நடை சாத்திவிட்டார்கள். இனி மூன்று மணிக்குத்தான்.

சாப்பிட்டோம். மூன்று மணி வரிசையில் நின்றோம். வெளியே வரும்போது 4.25. பிள்ளைகள் சங்குக் கடையில் நின்றார்கள், அம்மா தீர்த்தச் சொம்பு வாங்கினார், சிதறியவர்களைச் சேர்த்து வண்டியில் ஏற்ற 4.50. தனுஷ்கோடிச் சாலைச் சோதனைச் சாவடியை அடைந்தபோது 5.20. ஐந்து மணிக்கு மேல் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. போனவர்கள் எல்லோரும் இருட்டுவதற்குள் வெளியே வந்தாக வேண்டும் என்பதற்காக வைத்த விதி. கடலுக்கு நடுவே ஒற்றைச் சாலை, கடைசியில் குடியிருப்பும் இல்லை, விளக்கும் இல்லை. விதி நியாயமானதுதான். இருபது நிமிடம் பிந்தியது எங்கள் பிழை.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டி திரும்பும்போது கண்ணாடியை இறக்கி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். "விடு, காத்து வருதுல்ல" என்றார். வீடு சேர இரவு ஒன்பதே முக்கால் ஆனது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

எங்கே தவறினோம்

மறுநாள் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ராமேசுவரம் போய்ச் சேரும்போது தாமதம் 110 நிமிடம். கோயிலை விட்டு வெளியே வரும்போது அது 235 நிமிடமாகியிருந்தது. இடையில் சாலையும் இல்லை, நெரிசலும் இல்லை. ஒரு கதவு சாத்தி மறுபடி திறந்தது, அவ்வளவுதான். கிராமத்துக்குப் போகும் கடைசிப் பேருந்தை ஐந்து நிமிடத்தில் விட்டால் ஐந்து நிமிடமா போகிறது, அந்த இரவே போகிறது. நாங்கள் பத்து நிமிடத்தில் விட்டதற்குக் கொடுத்த விலை இரண்டு மணி நேரம்.

கிளம்புவதற்கு முன் மூன்று நாள் குடும்பக் குழுவில் பேசியது என்ன என்று பின்னோக்கிப் போய்ப் படித்தேன். ஏசி வண்டியா, சாதா வண்டியா. கிலோமீட்டருக்கு 22 அதிகமா. ஆளுக்கு எவ்வளவு. பரமக்குடியில் எந்த ஓட்டல். கோயில் நடை எப்போது சாத்தும், தனுஷ்கோடிக்குள் எத்தனை மணி வரை விடுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டுமே எனக்கு அரைகுறையாகத் தெரிந்தவைதான். தெரிந்தும் திட்டத்தில் எழுதவில்லை. அதுதான் பெரிய தவறு.

இந்தத் தடத்தில் தூரத்தைவிட இந்த இரண்டு கதவுகள்தான் நாளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கணக்கைக் கிளம்பும் நேரத்திலிருந்து முன்னோக்கிப் போடாமல், கடைசிக் கதவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். அரிச்சல்முனையிலும் இடிபாடுகளிலும் பெரியவர்களோடு இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஐந்து மணிக்குச் சாவடியில் போய் நின்றால் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காது. மூன்று மணிக்காவது அங்கே இருக்க வேண்டும். மூன்று மணிக்கு இருக்க வேண்டுமென்றால் ஒரு மணிக்கு முன்பே கோயிலை முடித்திருக்க வேண்டும். இடையில் நடை சாத்தும் நேரம் வந்து விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்த்தமும் தரிசனமும் முடிக்க மூன்று மணி நேரம் ஒதுக்கினால், பத்து மணிக்குள் கோயில் வாசலில் நிற்க வேண்டும். மதுரையை ஐந்து மணிக்குத் தாண்டியிருக்க வேண்டும். வீடு வீடாக ஆள் ஏற்றும் பழக்கத்தில் அது நடக்காது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இந்தப் பயணத்தின் நோக்கமே தனுஷ்கோடி. அதைப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தேன். நாளின் எல்லாத் தாமதமும் கடைசி இடத்தின் தலையில்தான் விழும். யாருக்காகப் போகிறோமோ அவருக்கு வேண்டிய இடத்தை அந்த நிலையில் வைத்தது என் யோசனைக் குறைவு.

இரண்டாவது தடவை என்ன வழிகள் இருந்தன

பேருந்து மலிவு, மாட்டுத்தாவணியிலிருந்து அடிக்கடி உண்டு. ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கால் மடக்கி உட்கார்ந்திருக்கப் பெரியப்பாவின் முழங்கால் விடாது. ராமேசுவரம் பேருந்து நிலையமும் கோயிலிலிருந்து இரண்டு கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கிருந்து தனுஷ்கோடிக்கு 3-ஆம் எண் டவுன் பஸ் போகிறது. இளவட்டங்கள் நான்கைந்து பேர் போவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே வேனை விடியற்காலை நான்கு மணிக்கு எடுப்பது இன்னொரு வழி. எல்லோரும் முதல் நாள் இரவே ஒரே வீட்டில் படுத்துக்கொண்டு, நேரே அரிச்சல்முனைக்குப் போய், எட்டேகாலுக்குக் கடலைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குக் கோயில். வரிசை சரி, வெயிலும் இருக்காது. என் தயக்கம் ஓட்டுநரைப் பற்றியது. சீசனில் முந்தின இரவு பதினொரு மணிக்கு வேறு சவாரி முடித்து வந்தவரை மூன்று மணிக்கு எழுப்பி 400 கி.மீ. ஓட்டச் சொல்வது சாதாரணமாக நடக்கிறது. முதல் பயணத்தில் திரும்பும்போது எங்கள் ஓட்டுநர் மானாமதுரை அருகே வண்டியை ஓரம் கட்டி முகம் கழுவினார். "நேத்து நைட்டு பழனி டிரிப்புண்ணே" என்றார். அன்று பின்சீட்டில் தங்கை மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து, வண்டி பேசும்போது வாடகைக்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி, ஓட்டுநர் முந்தின நாள் எத்தனை மணிக்கு வண்டியை விட்டார் என்பதுதான். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு வண்டி பார்ப்பேன்.

அப்புறம் ரயில். பழைய பாம்பன் பாலத்தை 2022 டிசம்பரில் மூடியதிலிருந்து புதிய பாலம் திறக்கும் வரை ராமேசுவரத்துக்கு ரயிலே போகவில்லை. எல்லாம் மண்டபம், ராமநாதபுரத்தோடு நின்றன. அந்த இரண்டு வருடப் பழக்கத்தில் என் மனதில் ரயில் என்ற வழியே இல்லாமல் போயிருந்தது. பெரியப்பாதான் கேட்டார்: "ஏண்டா, இப்பதான் பாலம் தொறந்துட்டாங்கள்ல? ரயில்ல போனா என்ன?" 1962-இல் அவர் கடலைத் தாண்டியது ரயிலில்தான்.

காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் மதுரையிலிருந்து கிளம்பும் பாசஞ்சர் பத்தரை வாக்கில் ராமேசுவரம் சேரும். மாலையில் ஆறு மணி வாக்கில் ஒன்று திரும்பும். ரயிலில் கழிப்பறை உண்டு. ஓட்டல் தேடி நிற்க வேண்டாம், கட்டுச்சோறு போதும். பத்தரைக்குப் போய் இறங்கினால் கோயிலுக்கு நேரம் போதாதே என்று முதலில் கவலைப்பட்டேன். யோசிக்க யோசிக்க அதுவே வசதியாகத் தெரிந்தது. கோயில் சாத்தியிருக்கும் நேரத்தில் நாம் தனுஷ்கோடியில் இருந்துவிடலாம். மூன்று மணிக்கு நடை திறக்கும்போது திரும்பி வந்து சாமி பார்த்துவிட்டு மாலை ரயில். முதல் தடவை எங்களை அடைத்து வைத்த இரண்டு மணி நேரம் இப்போது பயணத்துக்குள்ளேயே பொருந்திவிட்டது. தீர்த்தமாடுவது ஜூனிலேயே முடிந்ததால் இந்த முறை தரிசனம் மட்டும்தான்.

நாளையும் மாற்றினேன். செப்டம்பர் 21 மகாளய அமாவாசை. தர்ப்பணக் கூட்டத்தில் அன்று ஊர் தாங்காது. அது கழிந்து, காலாண்டு விடுமுறையில், ஆயுத பூஜைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. அண்ணன் வீட்டில் மூன்று பேருக்கு வர முடியவில்லை, ஒன்பது பேராகக் கிளம்பினோம். ராமேசுவரத்தில் இறங்கியதும் ஏறுவதற்கு உள்ளூர் வேன் ஒன்றை முந்தின நாளே பேசி வைத்தேன். ஸ்டேஷனிலிருந்து தனுஷ்கோடி போய், நின்று, கோயிலில் கொண்டுவந்து விட 2,500 ரூபாய். ரயில் கட்டணமும் சேர்த்து ஆளுக்கு நானூறுக்குள் முடிந்தது.

ரயிலை மட்டுமே நம்பியும் இருக்கக் கூடாது. பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம், கப்பலுக்கு வழிவிட மேலே எழும்பும். அதில் கோளாறு வந்தாலோ காற்று அதிகமானாலோ ரயில் மண்டபத்தில் நிற்க நேரலாம். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினாலே சிக்னல் விழாமல் இருந்தது. அப்படி நின்றால் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பது, மாலை ரயில் தவறினால் இரவுப் பேருந்தில் மதுரை திரும்புவது என்று மாற்று வழியையும் காகிதத்தில் எழுதி மச்சானிடம் கொடுத்திருந்தேன். இரண்டுமே தேவைப்படவில்லை. ரயில் நேரத்தை முந்தின நாள் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது அவசியம், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

செப்டம்பர் பயணம்

முன்பதிவில்லாத பெட்டி. நாற்பது நிமிடம் முன்னதாகப் போனதால் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. பிந்தி வந்தவர்கள் மானாமதுரை வரை நின்றார்கள். பாலத்தில் ஏறியதும் பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. பெரியப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இத விட மெதுவாப் போகும், தண்ணி இன்னும் கிட்டத்துல தெரியும்" என்றார். 1914-இல் கட்டிய பழைய பாலம் பக்கத்தில் வெறுமையாக நின்றது.

சாவடியைத் தாண்டியபோது மணி 11.20. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரை கி.மீ. சாலை 2017 ஜூலையில் திறந்தது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில்தான் போக முடியும். பெரியப்பா இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இடது பக்கம் பெண்கடல் என்று சொல்லும் பாக் விரிகுடா குளம்போலக் கிடந்தது, வலது பக்கம் ஆண்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா கல்லில் மோதிக்கொண்டிருந்தது. அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது, இழுப்பு பயங்கரம். பிள்ளைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருந்தோம்.

இந்த ஏற்பாட்டின் குறையும் அங்கேதான் தெரிந்தது. நடுப்பகல் வெயில். நிழலே கிடையாது. சாலை முடியும் இடத்தில் உள்ள அசோகத் தூண் அருகே அரை மணி நேரம் நின்றதற்குள் அம்மாவுக்குத் தலை சுற்றியது. வண்டியில் உட்காரவைத்து மோர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். குடை இரண்டு கொண்டுபோனேன், ஆளுக்கொன்று கொண்டுபோயிருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் பெரியவர்களை இந்த நேரத்தில் அழைத்துப் போகாதீர்கள். அப்போது நன்றாகத் தூங்கி எழுந்த ஓட்டுநரோடு விடியற்காலை வேன்தான் சரி. ஜூன், ஜூலையில் வேறொரு சிக்கல் உண்டு. தென்காற்று மணலை வாரிச் சாலையில் போட்டுவிடும், கடல் கொந்தளித்தால் உள்ளேயே விடமாட்டார்கள்.

கோயில் பாக்கி இருந்ததால் குடிசைக் கடைகளில் பொரித்துக்கொண்டிருந்த மீன் பக்கம் யாரும் போகவில்லை. தங்கை மகளுக்கு அதில் பெரிய வருத்தம். தயிர்சாதம் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் பழைய ஊரில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இடிந்த தேவாலயத்தை எல்லோரும் பார்க்கப் போனார்கள். பெரியப்பா அங்கே போகவில்லை. ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்ப் பக்கம் தடியை ஊன்றி நடந்தார். சுவரில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, கடல் பக்கமாகக் கையை நீட்டி, ரயில் எந்தப் பக்கம் நின்றது, அப்பா எந்த இடத்தில் தன்னைத் தோளில் தூக்கினார், சின்னத் தாத்தா எந்தத் திசையில் நடந்து போய்க் கப்பல் ஏறினார் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. வேன்காரர் பீப்பி அடித்தார். மணி 1.40. "இருக்கட்டும், கோயில் மூணு மணிக்குத்தானே" என்றேன். பெரியப்பா இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.